நிணநீர் முடிச்சு ஸ்லைடில் சிடி4 ஸ்டெயின் போட்டால் சைனஸுக்குள் (நிணநீர் ஓடும் இடைவெளி) இருக்கும் பெரிய செல்களும் பழுப்பாகின்றன. ஏன்?

காட்பாடி மாணவி:
வணக்கம். பயிற்சிக்காகக் கொடுத்த, சிடி எண் கொண்ட செல் புரதங்களைப் பழுப்பாகக் காட்டும் ஸ்டெயின் போட்ட நிணநீர் முடிச்சு ஸ்லைடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பி செல் என்ற வெள்ளணுவைக் காட்டும் சிடி20க்கு ஃபாலிக்கிள் (பி செல்கள் கூடும் உருண்டை), டி செல் என்ற வெள்ளணுவைக் காட்டும் சிடி3க்கு பாராகார்டெக்ஸ் (டி செல் பகுதி) என்று புத்தகத்தில் உள்ளபடியே வருகிறது. ஆனால் ஒருவகை டி செல்லைக் காட்டும் சிடி4 ஸ்லைடில் சைனஸுக்குள் கிடக்கும் பெரிய செல்களும் லேசாகப் பழுப்பாகத் தெரிகின்றன. அவையும் டி செல்லா? போதாததற்கு ஃபாலிக்கிளின் நடுவில் சிடி3 செல்கள் சிதறிக் கிடக்கின்றன. ஸ்டெயின் கெட்டுவிட்டதா?

சத்துவாச்சாரிக்காரன்:
கண்ட்ரோலுக்கு (ஸ்டெயின் சரிதானா என்று ஒப்பிட) டான்சில் வைத்தீர்களா? நம்ம ஊர் வெயிலில் ஏசி நின்றால் திசுச் சீவலான செக்‌ஷன் காய்ந்து ஓரமெல்லாம் சும்மாவே பழுப்பாகும்.

ராணிப்பேட்டை டெக்னீஷியன்:
ஓரத்தில் மட்டும் என்றால் அப்படிச் சொல்லலாம். சைனஸுக்குள் என்றால் ஸ்டெயின் நன்றாகவே இருக்கிறது, தங்கச்சி. அந்தப் பெரிய செல்கள் மேக்ரோஃபேஜ், கிருமியை விழுங்கும் செல். மனிதர்களில் மேக்ரோஃபேஜிலும் சிடி4 கொஞ்சம் உண்டு. எச்ஐவி அதற்குள்ளும் நுழைவது அந்த வழியாகத்தான். அடுத்த செக்‌ஷனில் மேக்ரோஃபேஜைக் காட்டும் சிடி68 போட்டுப் பார். சைட்டோபிளாசத்தில் பொடிப்பொடியாகப் பழுப்பு வரும், சிடி3 வராது. டிபி முடிச்சு வந்தால் கிரானுலோமாவிலும் (மேக்ரோஃபேஜ்கள் கூடிய கட்டி) இதே கதைதான். அதனால் சிடி4ஐ மட்டும் வைத்து டி செல் என்று நான் சொல்லவே மாட்டேன், பக்கத்தில் சிடி3 வேண்டும்.

ஃபாலிக்கிள் நடுவில் இருப்பவை பி செல்லுக்கு உதவும் டி செல்கள். அவற்றில் நிறைய இருக்கும் பிடி-1 புரதத்துக்கு ஸ்டெயின் போட்டால் பளிச்சென்று தெரியும். செல் சாகாமல் காக்கும் பிசிஎல்2 புரதத்தைப் பார்க்கும்போதும் இவற்றை மறந்துவிடாதே. சாதாரண ஜெர்மினல் சென்டரில் (ஃபாலிக்கிளின் நடு) பி செல்லுக்கு பிசிஎல்2 வராது, இந்த டி செல்லுக்கு வரும். நாலு பழுப்புச் செல்லைப் பார்த்துவிட்டு ஃபாலிக்குலர் லிம்போமா (பி செல்லே பெரும்பாலும் பிசிஎல்2 காட்டும் புற்று) என்று பதறுகிறவர்கள் உண்டு.

காட்பாடி மாணவி:
நன்றி அண்ணா, சிடி68 அதே செல்களில்தான் வருகிறது. இன்னொன்று: சிடி5 டி செல் மார்க்கர்தானே? சில பி செல்லிலும் வரும் என்கிறார்களே?

ராணிப்பேட்டை டெக்னீஷியன்:
வரும். மேண்டில் செல் லிம்போமா, சிஎல்எல் என்ற பி செல் புற்றுகளில் பி செல்லே சிடி5 காட்டும், பெரும்பாலும் டி செல்லைவிட மங்கலாக. சிடி20 வருகிற செல்கள் கூட்டமாக சிடி5உம் காட்டினால் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு. அநேகமாக அடுத்து, மேண்டில் செல் லிம்போமாவைப் பிரித்துக் காட்டும் சைக்ளின் டி1 போடச் சொல்வார். அப்புறம், ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்லைத் தேடி சிடி138 போடும்போது டான்சிலின் மேல்தோலும் பழுப்பாகும். அதற்கும் ஸ்டெயின் கெட்டுவிட்டது என்று இங்கே வந்து கேட்காதே!