டெட் 82 மார்க்: ஆசிரியர் பயிற்சி கெட்டது அங்கேதானா?

விளவங்கோடு கணக்கு:
2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில், அதாவது டெட்டில், பாஸ் ஆகணும், இல்லையென்றால் கிளம்பணும். ஆனால் ஏற்கெனவே பாஸ் ஆனவர்களின் லட்சணம் என்ன? 2012-ல் 150-க்கு 90 கேட்டார்கள். 2014 பிப்ரவரியில் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 55 சதவீதம், அதாவது 82 போதும் என்று அரசாணை வந்தது. 150-ல் 55 சதவீதம் 82.5. அரை வந்தால் மேலே ஏற்றணும், 83. இவர்கள் கீழே இறக்கினார்கள். அந்த 82-காரர்கள் கையில்தான் நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள். ஆசிரியர் பயிற்சியைச் சீர்திருத்தணுமா? முதலில் 90-ஐத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

தேரூர் டீச்சர்:
அந்த 82-காரர்களில் நானும் ஒருத்தி. 2013 ஆகஸ்டில் எழுதி 84 எடுத்தேன், கடற்கரைப் பள்ளி ஒன்றில் சின்ன வகுப்பு எடுக்கிறேன். ஒன்று கேட்கிறேன் சார். என் வகுப்பில் ஒரு பிள்ளை 52-ல் 27 போக மீதி 35 என்று எழுதியிருக்கிறாள். ஏன் 35? அவளைக் கூப்பிட்டு வாய்விட்டுச் செய்யச் சொன்னால்தான் தெரியும். 2-ல் 7 போகாது, அதனால் 7-ல் 2-ஐக் கழித்து 5 போட்டிருக்கிறாள். பெரியதில் சின்னதைக் கழிக்கணும் என்று நாம் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறாள். ஒரு பத்துக் குச்சிக் கட்டை அவிழ்த்து உதிரியாக்கிக் காட்டினால் பிடித்துக்கொள்வாள். தேரூர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நான் படிக்கும்போது, நாங்கள் பழகுவதற்குப் பாடம் எடுக்கையில் எங்கள் சார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார். மணி அடித்ததும் "அந்தப் பிள்ளை ஏன் தப்பாச் சொன்னான்?" என்றுதான் முதலில் கேட்பார். டெட் பேப்பர் ஒன்றில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் என்று 30 கேள்வி, நாலில் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கணும், அவ்வளவுதான். 120 எடுத்தவருக்கு அந்த 35 புரியும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

விளவங்கோடு கணக்கு:
கதை நன்றாக இருக்கிறது. 82.5 எப்படி 82 ஆனது?

பாறசாலை பக்கம்:
இதெல்லாம் தமிழ்நாட்டுக் கூத்து. எல்லையைத் தாண்டிப் பாருங்கள், கேரளத்தில் படிப்பின் மதிப்பே வேறு.

தேரூர் டீச்சர்:
கேரள டெட்டிலும் பிற்படுத்தப்பட்டோருக்கும் எஸ்சி, எஸ்டிக்கும் 82தான் அண்ணாச்சி. அங்கேயும் அரை மார்க் கீழேதான் இறங்கியது.

பாறசாலை பக்கம்:
அங்கே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இருக்கிறது.

தோவாளைக்காரன்:
2011 கணக்கெடுப்பில் குமரி 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடம். 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தாயிற்று. எதற்கெடுத்தாலும் எல்லையில் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பார்ப்பதைக் குமரி மேற்குக்காரர்கள் எப்போது விடுவீர்கள்?

விளவங்கோடு கணக்கு:
மேற்கு கிழக்கு என்று பிரிக்காதீர்கள். இங்கே பேச்சு 82.5.

88-காரன்:
யாராவது என் கதையைக் கேளுங்கள். 2012-ல் நான் 88. ஃபெயில் என்றார்கள். சலுகையை 2013-ல் எழுதினவர்களுக்குக் கொடுத்தார்கள், எங்களுக்குக் கிடையாது. டீச்சர் 84-க்கு உள்ளே, நான் 88-க்கு வெளியே. இதில் பயிற்சி எங்கே வந்தது, தரம் எங்கே வந்தது?

விளவங்கோடு கணக்கு:
பார்த்தீர்களா? அந்த 82 அரசாணையை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2014 செப்டம்பரில் ரத்து செய்தது.

தேரூர் டீச்சர்:
பாதியை ஏன் விழுங்குகிறீர்கள்? 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொன்னது. 88 எடுத்த தம்பிக்கு நடந்தது அநியாயம், அதற்காக என் 84-ஐப் பிடுங்க முடியாது. உங்களுக்கு உறுத்துவது அரை மார்க் இல்லை, யாருக்குக் கொடுத்தார்கள் என்பது. அதை நேராகவே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் பி.எட் பக்கம் ஏன் யாரும் போகவில்லை? 2015-லிருந்து இரண்டு ஆண்டு ஆக்கினார்கள், பள்ளியில் 16 வாரம் பயிற்சி என்றார்கள். எங்கள் பள்ளிக்கு ஒரு கல்லூரியிலிருந்து வந்த பிள்ளைகளை அவர்கள் விரிவுரையாளர் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தார். ரெக்கார்டில் கையெழுத்து போட்டார், போட்டோ எடுத்தார், போனார். லெசன் பிளான் நோட்டைக் காசு கொடுத்து எழுதி வாங்குகிறார்கள். சார்ட்டும் ஆல்பமும் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. வகுப்புக்கே வராமல் பீஸ் மட்டும் கட்டிச் சான்றிதழ் வாங்குகிறவர்களை உங்களுக்கும் தெரியும். அந்த 16 வாரத்தையும் ஒரு நல்ல டீச்சர் பக்கத்திலிருந்து பார்த்து, இவள் தேறுவாள், இவன் இன்னும் ஆறு மாதம் பழகணும் என்று எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு மார்க் வையுங்கள். நான் திரும்ப எழுதத் தயார்.

குளச்சல் பெற்றோர்:
சிறுபான்மைப் பள்ளிகளுக்கு டெட் உண்டா இல்லையா என்பதை உச்ச நீதிமன்றத்தில் பெரிய அமர்வுக்கு அனுப்பிவிட்டார்கள். நம் மாவட்டத்தில் பாதிப் பேச்சு அதைப் பற்றித்தான் இருக்கணும். அந்தப் பள்ளிகளில் மேனேஜ்மெண்ட்டே டீச்சரைப் போடுகிற போஸ்டிங் எப்படி நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

தோவாளைக்காரன்:
எல்லாருக்கும் தெரியும் என்றால் பெயரோடு புகார் கொடுங்கள். மேனேஜ்மெண்ட் பள்ளிகள் இல்லையென்றால் அந்த 91.75 எங்கிருந்து வந்திருக்கும்?

விளவங்கோடு கணக்கு:
டீச்சர் இத்தனை பத்தி எழுதியும் ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. 82.5 மேலே போகுமா, கீழே போகுமா?

தேரூர் டீச்சர்:
உங்கள் வீட்டுப் பிள்ளை 35 என்று எழுதிக்கொண்டு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதைச் சொல்லுங்கள், நான் இதைச் சொல்கிறேன்.

விளவங்கோடு கணக்கு:
என் பிள்ளை அப்படி எழுத மாட்டான். 90-க்கு மேல் எடுத்த சாரிடம் படிக்கிறான்.

தேரூர் டீச்சர்:
பள்ளியில் படிக்கிறானா, டியூஷனிலா?

88-காரன்:
2018 அரசாணைப்படி டெட் பாஸ் ஆனாலும் வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுதணும். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பாறசாலை பக்கம்:
கேரளத்தில் படிப்பே வேறு மாதிரி.

தோவாளைக்காரன்:
ஆரம்பிச்சாச்சா மறுபடியும்?