மின்கையொப்பச் சேவையை மென்பொருளில் இணைத்தவர்கள், எங்கே உதைத்தது என்று சொல்லுங்கள்

பில்லிங்_பட்டறை:
சிறு நிறுவனங்களுக்கான ஈஆர்பி (நிறுவன நிர்வாக) மென்பொருளில் மின்கையொப்பம் சேர்க்க வேண்டும். பணி நியமனக் கடிதம், சப்ளையர் ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம் என மூன்று வகை ஆவணங்கள். கையெழுத்திடுபவர்களில் சிலர் ஜெர்மனியில். விலைப்பட்டியல் எல்லோருடைய தளத்திலும் இருக்கிறது. அதில் இல்லாததைச் சொல்லுங்கள்.

கோர்ட்டுப்படி:
சேவையைத் தேடும் முன் ஆவணங்களைப் பிரியுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 10ஏ பிரிவுப்படி, மின்னணு வடிவில் உருவானது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகாது. ஆகவே சப்ளையர் ஒப்பந்தத்துக்கு மின்னஞ்சல் ஓடிபி போட்டு 'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்துவதும் ஒப்பந்தம்தான். ஆனால் எதிராளி 'நான் அழுத்தவில்லை' என்றால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். ஆதார் இ-சைன் (ஆதார் ஓடிபி வழியே போடும் மின்கையொப்பம்) 2015-இல் அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், அதாவது ஏற்கப்பட்ட முறைகளின் பட்டியலில், சேர்ந்தது. அங்கே அடையாளம் ஏற்கெனவே உறுதியாகியிருக்கும். உயில், டிரஸ்ட் பத்திரம் போன்றவை முதல் அட்டவணையில் விலக்கப்பட்டவை, பக்கமே போகாதீர்கள்.

வாடகை ஒப்பந்தத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். கையெழுத்து வேறு, முத்திரைத் தீர்வை வேறு. தீர்வை கட்டாத ஆவணத்தை, தீர்வையும் அபராதமும் கட்டும்வரை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. அபராதம் பத்து மடங்குவரை போகலாம். தீர்வை கட்டியதற்கான இ-ஸ்டாம்ப் சான்றிதழை முதல் பக்கமாக ஒட்டி, அதன் பிறகே கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். கையெழுத்தான பிடிஎஃப்பின் முன்னால் பக்கம் செருகினால் கையெழுத்து உடைந்துவிடும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவும் வேண்டும், அதை எந்தச் சேவையின் ஏபிஐயும் (மென்பொருள் இணைப்பு வழி) செய்து தராது.

ஜெர்மனிக்காரர்களிடம் ஆதார் இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐடாஸ் ஒழுங்குமுறையில் (910/2014) மூன்று தரங்கள் உண்டு. மேல்தரமான 'தகுதிபெற்ற' கையொப்பம் மட்டுமே கைக்கையெழுத்துக்குச் சமம். சாதாரண வணிக ஒப்பந்தத்துக்குக் கீழ்த்தரமே போதும். ஆனால் அங்கே குறிப்பிட்ட காலத்துக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்தத்துக்குத் தாளில் கையெழுத்து வேண்டும், இல்லையேல் அந்த மேல்தரம். வேலைநீக்கக் கடிதம் தாளில்தான், அதற்கு மின்வழியே இல்லை.

ஹாஷ்_மாமா:
விற்பனையாளரிடம் முதல் கேள்வி: "முழு பிடிஎஃப்பையும் உங்களுக்கு அனுப்ப வேண்டுமா, ஹாஷ் மட்டும் போதுமா?" (ஹாஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறி; ஒரு பைட் மாறினாலும் அது மாறும்.) ஆதார் இ-சைனின் வடிவமைப்பில் ஆவணம் வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை; ஷா-256 என்ற முறையில் எடுத்த ஹாஷ் போகும், கையொப்பம் திரும்பி வரும். இடைத்தரகு நிறுவனங்கள் பல முழுக் கோப்பையும் வாங்கித் தங்கள் சர்வரில் வைத்துக்கொள்கின்றன. சம்பள விவரம் உள்ள நியமனக் கடிதத்துக்கு இது சின்ன விஷயமல்ல. பின்னணியில் கையொப்பமிடும் உரிமம் பெற்ற நிறுவனம் எது என்றும் கேட்டு, சிசிஏ (இவ்வுரிமங்களைத் தரும் அரசு அமைப்பு) தளத்தின் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள்.

ஹாஷ் வழியில் போனால் அடிக்கடி வரும் கோளாறு இது: கையொப்பத்துக்கு இடம் விட்டு பிடிஎஃப் தயாரித்து, ஹாஷ் எடுத்து, பயனரை ஓடிபி பக்கத்துக்கு அனுப்புகிறோம். அவர் திரும்பியதும் நிரல் அதே பிடிஎஃப்பை டெம்ப்ளேட்டிலிருந்து மறுபடி உருவாக்குகிறது. கண்ணுக்கு ஒரே கோப்பு. உள்ளே உருவான நேரமும் கோப்பு அடையாள எண்ணும் மாறியிருக்கும். ஹாஷ் பொருந்தாது, 'ஆவணம் மாற்றப்பட்டுள்ளது' என்று சிவப்பு வரும். ஹாஷ் எடுத்த அதே பைட்டுகளைச் சேமித்து, அதிலேயே கையொப்பத்தைப் பொருத்துங்கள். ஒதுக்கும் இடம் 8 கேபி என்றால், சான்றிதழ்ச் சங்கிலியும் (சான்றளித்தவர்களின் தொடர்) ரத்தான சான்றிதழ்களின் பட்டியலும் சேரும்போது போதாமல் போகலாம். 16 கேபி வைத்தால் நிம்மதி. ஹெக்ஸாக (ஒரு பைட்டுக்கு இரண்டு எழுத்து) எழுதப்படுவதால் கோப்பில் அது இரட்டிப்பாகும், பரவாயில்லை.

இருவர் கையெழுத்திட்டால் வரிசையாகத்தான், இணையாக அல்ல. இரண்டாமவரின் ஹாஷ், முதலாமவரின் கையெழுத்தையும் உள்ளடக்கியது. இடையில் கோப்பைச் சுருக்கும் கருவி எதையும் ஓட்டாதீர்கள்.

இனிஷியல்_தொல்லை:
பெயர்ப் பொருத்தம் பற்றி யாரும் சொல்லவில்லையே! நம் ஊரில் இதுதான் பெருந்தொல்லை. ஒப்பந்தத்தில் 'கு. செல்வம்', ஆதாரில் 'செல்வம் கு', பான் அட்டையில் 'செல்வம் குமாரசாமி'. வடநாட்டு குடும்பப்பெயரை மனத்தில் வைத்து எழுதிய பொருத்த விதி இவரை நிராகரிக்கும். பொருத்த வரம்பை நீங்களே மாற்ற முடிகிறதா, நிராகரித்தால் மனிதர் பார்த்து அனுமதிக்க வழி உண்டா என்று சோதனைக் கணக்கிலேயே பாருங்கள். ஆதாரோடு பழைய கைபேசி எண் இணைந்திருப்பவருக்கு ஓடிபி வராது, அவர்களுக்கு மாற்று வழி கட்டாயம்.

பில்லிங்_பட்டறை:
நன்றி. மாதிரிக் கோப்பை அடோபியில் திறந்தால் கேள்விக்குறி வருகிறதே, கையெழுத்து தவறா?

ஹாஷ்_மாமா:
தவறல்ல. அந்தக் கணினியிலுள்ள அடோபியின் நம்பகப் பட்டியலில் இந்திய சிசிஏ மூலச்சான்றிதழ் இல்லை, அவ்வளவுதான். அதைச் சேர்த்தால் பச்சை வரும். வாடிக்கையாளர் எல்லோரும் இதைக் கேட்பார்கள், உதவிப் பக்கத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள். இதைவிடக் கவனிக்க வேண்டியது நேர முத்திரை. இ-சைன் சான்றிதழின் ஆயுள் 30 நிமிடம். அந்த நேரத்துக்குள் கையெழுத்தானது என்று பல ஆண்டு கழித்துக் காட்ட, நம்பகமான நேர முத்திரையும் ரத்து விவரமும் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். மலிவுத் திட்டங்களில் இது விடுபட்டிருக்கலாம்.

வெப்ஹூக்_வேலு:
ஜெர்மனிப் பக்கத்துக்கு டாக்குசைன் என்ற மின்கையொப்பச் சேவையை எடுத்தால் சில விதிகள். ஒரே உறையின் (கையெழுத்துக்கு அனுப்பிய ஆவணத் தொகுப்பின்) நிலையை 15 நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆகவே வெப்ஹூக்தான் (நிலை மாறியதும் சேவையே உங்கள் சர்வருக்கு அனுப்பும் அறிவிப்பு) வழி. உங்கள் திரைக்குள்ளேயே கையெழுத்து வாங்கும் இணைப்பு 5 நிமிடத்தில் காலாவதி, ஒருமுறைதான் திறக்கும். அதை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள், பயனர் பொத்தானை அழுத்தும் கணத்தில் உருவாக்குங்கள்.

எந்தச் சேவையானாலும் வெப்ஹூக் இரண்டு முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம். நிகழ்வு அடையாள எண்ணைத் தரவுத்தளத்தில் தனித்துவமாக வைத்து, இரண்டாவதை ஓசையின்றி விட்டுவிடுங்கள். எச்மேக் சரிபார்ப்பை (அறிவிப்பு அந்தச் சேவையிலிருந்தே வந்ததா என்ற சோதனை), அறிவிப்பு வரும் ஜேசன் என்ற தரவு வடிவத்தைப் பிரிக்கும் முன், வந்த பைட்டுகளின் மேலேயே செய்யுங்கள். ஃபிரேம்வொர்க் பிரித்துத் திரும்பக் கோத்தால் ஓர் இடைவெளி மாறினாலும் பொருந்தாது. உடனே 200 ('கிடைத்தது' என்ற பதில் குறியீடு) திருப்பிவிட்டு, பிடிஎஃப் இறக்குவதைப் பின்னணி வரிசையில் போடுங்கள்.

கோர்ட்டுப்படி:
அந்த இறக்கத்தில் தணிக்கைத் தடத்தையும் சேர்த்து எடுங்கள்: ஐபி, நேரம், எந்த எண்ணுக்கு ஓடிபி போனது. 2024 ஜூலை 1 முதல் மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்க பாரதிய சாட்சிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும்; அதன் படிவம் பதிவின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. சந்தா முடிந்தபின் இவற்றை எத்தனை நாள் இறக்கிக்கொள்ளலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் வேண்டாம்.