டப்பாவைத் திறந்தால் புகை வாடை அடிக்கிற டீ: கெட்டுப்போய்விட்டதா?

சத்துவாச்சாரி செல்வி:
ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிற என் சித்தி மகன் லீவுக்கு வந்தபோது ஒரு டப்பா டீ கொடுத்தான். பேர் 'ரஷ்யன் கேரவன்'. திறந்தால் ராத்திரி முழுக்க விறகடுப்புப் பக்கம் கிடந்த துணி மாதிரி ஒரு வாடை. அம்மா கெட்டுப்போச்சு, கொட்டிடு என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை, இஞ்சி தட்டிப் போட்டுப் பாலில் கொதிக்க வைத்துப் பார்த்தேன், ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இது இப்படித்தான் இருக்குமா? ஏன் அந்தப் பேர்?

காட்பாடி மூர்த்தி:
கொட்டிடாதீங்கம்மா, நல்ல சரக்கு அது. அந்த வாடைக்குக் காரணம் லாப்சாங் சூச்சோங் என்கிற சீனத் தேயிலை. ஃபூஜியான் மாகாணத்து வூயி மலையில் பைன் விறகுப் புகையில் காயவைப்பார்கள். அதோடு கீமுன் என்கிற சீனக் கறுப்புத் தேயிலையும், சில சமயம் ஊலாங் என்கிற இன்னொரு சீனத் தேயிலையும் கலந்தால் இந்த டீ. 1727இல் ரஷ்யாவும் சீனாவும் கியாக்தா ஒப்பந்தம் போட்ட பிறகு, அந்த எல்லை ஊர் வழியாகத்தான் தேயிலை போனது. ஒட்டக வண்டி, ஒட்டக முதுகு, பனிக்காலத்தில் சறுக்குவண்டி என்று மாதக்கணக்கில் பயணம். இப்படிக் கூட்டமாகப் போகிற வணிகர் வரிசைக்குத்தான் கேரவன் என்று பேர், டீக்கும் அதுவே பேராச்சு. ராத்திரி தங்குகிற இடத்தில் மூட்டுகிற நெருப்பின் புகைதான் டீயில் ஏறியது என்பார்கள்.

பால் வேண்டாம். கொதித்த தண்ணீரை ஒரு கப் எடுத்து, ஒரு டீஸ்பூன் இலை போட்டு மூடி வைத்து, நாலு நிமிஷத்தில் வடிகட்டிவிடுங்கள். போர் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது, உப்புத் தண்ணீரில் டீ மேல் ஏடு மாதிரி படிந்து மணமே செத்துவிடும்.

ஆம்பூர்க்காரன்:
மூர்த்தி அண்ணே, நெருப்புப் புகை கதையை மட்டும் நான் நம்பவில்லை. கியாக்தாவில் தேயிலைப் பெட்டிகளைப் பச்சைத்தோலில் வைத்துத் தைத்துத்தான் அனுப்பினார்கள். நான் டேனரியில் இருபது வருஷம் வேலை பார்த்தவன். ஈரத்தோலை இழுத்துத் தைத்துக் காயவிட்டால் சுருங்கி அப்படியே பெட்டியைக் கவ்விக்கொள்ளும், நகத்தால் நெம்பினாலும் அசையாது. அதைத் தாண்டி இவ்வளவு புகை உள்ளே போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்று, கீமுன் கறுப்புத் தேயிலையே 1875 வாக்கில்தான் வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கப்பலில் கருங்கடல் துறைமுகமான ஒடெஸாவுக்குத் தேயிலை மலிவாகப் போக ஆரம்பித்துவிட்டது, 1891இல் சைபீரிய ரயில் பாதை வேலையும் தொடங்கியது, அதோடு ஒட்டகத்துக்கு வேலை குறைந்துகொண்டே போனது. ஆக இப்போது டப்பாவில் வருகிற கலவை, ஒட்டகம் சுமந்த அந்த டீயே இல்லை, அதன் நினைவாகப் பின்னால் சேர்த்தது என்றுதான் நான் நினைக்கிறேன். அதனால் ருசி ஒன்றும் குறைந்துவிடாது. எங்க ஊர் பிரியாணி விறகு தம்மில் இறங்கியதும் வருகிற மணம் பிடித்தவர்களுக்கு இது கட்டாயம் பிடிக்கும்.

சத்துவாச்சாரி செல்வி:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணே. நேற்று கேன் தண்ணீரில் நாலு நிமிஷக் கணக்குப்படி போட்டேன், செம்பு நிறத்தில் தெளிவாக இறங்கியது. முதலில் புகை, அப்புறம் நாக்கின் ஓரத்தில் லேசான தித்திப்பு, சர்க்கரையே போடவில்லை. அம்மா தம்ளரைக் கையில் வைத்து மோந்து பார்த்துவிட்டு, "அணைக்கட்டு ஊர்ல உங்க ஆயா வீட்டு அடுப்பங்கரை வாசனைடி" என்று மொத்தத்தையும் குடித்துவிட்டார்கள். தம்பி அடுத்த முறை வரும்போது இரண்டு டப்பா கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.