நந்தியாவட்டைச் சாறும் சித்தப்பாவின் கண்ணும்

எங்கள் ஊர்ப் பக்கம் கண்ணில் என்ன வந்தாலும் நந்தியாவட்டைப் பூதான் முதல் வைத்தியம். மூடிய இமைமேல் பூவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்தால் எரிச்சல் தணியும். அம்மா இன்றும் செய்கிறார், எனக்கும் பிடிக்கும். மேலே வைப்பதோடு நின்றால் சரி.

சித்தப்பாவுக்குக் கதிரடிக்கும்போது நெல் சுணை கண்ணில் பட்டுவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சி பூவைக் கசக்கித் துணியில் பிழிந்து சாற்றைக் கண்ணில் விட்டார். ஆச்சியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மெட்ராஸ் ஐ வந்த எத்தனையோ பேருக்கு அவர் இதே சாற்றை விட்டிருக்கிறார், எல்லோருக்கும் சரியாகியிருக்கிறது. ஆனால் மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. எதையும் விடாவிட்டாலும் ஓரிரு வாரத்தில் தானே போய்விடும். பெயர் மட்டும் சாற்றுக்குப் போய்ச் சேரும்.

சித்தப்பாவுக்கோ வலி கூடிக்கொண்டே போனது. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. மதுரைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் புண்ணிலிருந்து லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, பூஞ்சை என்றார். மண்ணிலும் பயிரிலும் இருக்கிற ஃபியூசேரியம் போன்ற பூஞ்சைகள் சின்னக் கீறல் கிடைத்தாலே உள்ளே புகுந்துவிடும். சுணையோடு வந்ததா, சாற்றோடு வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கையால் பிழிந்த சாற்றில் கிருமி இல்லாமல் இருக்காது என்பது மட்டும் நிச்சயம். நாட்டமைசின் சொட்டு மருந்தை ராத்திரியும் பகலுமாக விட்டு கண்ணைக் காப்பாற்றினோம். தழும்பு நின்றுவிட்டது, பார்வை மங்கல்தான்.

1994-இல் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு முன்னதாகக் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி கண்டுபிடிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பூஞ்சை.

நந்தியாவட்டைக்கு வீக்கத்தைக் குறைக்கும் குணம் உண்டு என்று விலங்குகளிடம் செய்த சோதனைகள் காட்டுகின்றன. அவை ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்த சாரத்தை வைத்துச் செய்தவை. கண்ணுக்கு நல்லது என்று சாப்பிடுகிற கீரை விஷயம் வேறு. முருங்கைக்கீரையிலும் பொன்னாங்கண்ணியிலும் உள்ள பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சத்துக் குறைவால் வரும் மாலைக்கண்ணைத் தடுக்க இது உதவும். கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கினால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

கண்ணில் சுணையோ உமியோ விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள், பூஞ்சைப் புண்ணை அது இன்னும் மோசமாக்கும்.