காடைக்கும் பன்றிக்கும் ஒரே துப்பாக்கி போதுமா?

தேவகோட்டைத் தம்பி:

நான் டெக்சாஸில், சான் அன்டோனியோ பக்கம் வேலை பார்க்கிறேன். இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். கூட வேலை பார்க்கும் ஒருவருக்கு அங்கே பெரிய பண்ணை இருக்கிறது. செப்டம்பரில் புறா, குளிர் தொடங்கினால் வெள்ளைவால் மான், வருஷம் முழுக்கக் காட்டுப்பன்றி. இரண்டு வருஷமாகக் கூப்பிடுகிறார், இந்தத் தடவை போவதாக முடிவு செய்துவிட்டேன். வீட்டில் ஒரே நிபந்தனை: ஒரு துப்பாக்கிக்கு மேல் உள்ளே வரக்கூடாது, அதுவும் பூட்டித்தான் இருக்க வேண்டும். பையனுக்கு ஆறு வயது.

பண்ணைக்காரரோ மூன்று வாங்கச் சொல்கிறார். புறாவுக்கு 20 போர் (குழல் அளவு) சிதறுகுண்டுத் துப்பாக்கி, மானுக்கு .270 ரைபிள், பன்றிக்கு வேறொன்று. கடையில் போய்க் கேட்டால் நான்காவதும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) ரங்கூன் கடையை மூடிவிட்டு வந்தபோது கொண்டுவந்த இரட்டைக்குழல் 12 போர் ஒன்று வீட்டில் இருக்கிறது. லைசென்ஸ் அப்பச்சி (அப்பா) பேரில். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பது, மற்ற நாளில் எண்ணெய் போடுவது, அவ்வளவுதான் அதற்கு வேலை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே ஐயா கௌதாரி, முயல், பன்றி எல்லாம் அடித்தார் என்று அப்பத்தா சொல்கிறார். அவருக்குப் போதுமானது எனக்கு ஏன் போதாது? 600 டாலருக்குள் முடிந்தால் நல்லது. இன்னொன்று, எனக்கு இடது கைப் பழக்கம்.

கண்டனூர்க்காரர்:

தம்பி, உங்கள் ஐயாவிடம் துப்பாக்கி ஒன்றுதான் இருந்திருக்கும். தோட்டா எத்தனை விதம் வைத்திருந்தார் என்று அப்பத்தாவைக் கேட்டீர்களா?

எனக்கு 76 வயதாகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால், பள்ளிக்கூடப் பையனாக, அப்பச்சி பின்னாலேயே கண்மாய்க் கரைகளில் அலைந்திருக்கிறேன். தோட்டாப் பை சுமப்பதும் விழுந்த கௌதாரியைத் தேடி எடுப்பதும் என் வேலை. பையில் மூன்று அறை. ஒரு தோட்டாவுக்குள் பல குண்டு இருக்கும், நம்பர் கூடினால் குண்டு சிறுக்கும். காடைக்கு 8ஆம் நம்பர், கௌதாரிக்கும் முயலுக்கும் 6ஆம் நம்பர், பன்றிக்கு எல்.ஜி. என்கிற பெரிய குண்டு. 6ஆம் நம்பரில் ஒரு அவுன்ஸுக்கு 270 குண்டு வரும். எல்.ஜி.யில் வெறும் ஆறு. குழலும் அதே, விசையும் அதே. ஆனால் முன்னது வலை வீசுகிற மாதிரி, பின்னது கல்லெறிகிற மாதிரி. அவசரத்தில் அறை மாற்றி எடுத்துக் கொடுத்து நான் வாங்கிய குட்டு இன்னும் மறக்கவில்லை.

இரண்டு குழலும் ஒன்றுபோல அடிக்காது. எங்கள் துப்பாக்கியில் வலது குழல் குண்டைச் சீக்கிரம் விரித்துவிடும். இடது குழலின் வாய் கொஞ்சம் இறுக்கம், அதைத்தான் சோக் என்பது. முழு சோக் குழல் 40 கஜத்தில், 30 அங்குல வட்டத்துக்குள் 70 சதவீதக் குண்டைப் போடும். சோக்கே இல்லாத குழல் 40 சதவீதம்தான் போடும். கௌதாரி காலடியில் படபடவென்று கிளம்பினால் வலது குழலுக்கான முன் விசை, எட்டிப் போய்விட்டால் இடது குழலுக்கான பின் விசை. யோசிக்க நேரம் இருக்காது, விரல் தானாகப் போகும். ஒற்றைக்குழலில் இந்தச் சுகம் கிடையாது என்பது என் கட்சி. பலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

பன்றிக்கு எல்.ஜி.யை 35 கஜத்துக்கு மேல் நம்பக்கூடாது. ஆறு குண்டும் ஆறு பக்கம் பிரிந்துவிடும். ஒரு தடவை அப்பச்சி ஆசைப்பட்டு 50 கஜத்தில் சுட்டார். பன்றி காயத்தோடு முள்ளுக்காட்டுக்குள் போய்விட்டது. ரத்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே இருட்டும் வரை நடந்தோம், கிடைக்கவில்லை. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் பன்றியை நோக்கி அவர் துப்பாக்கி தூக்கி நான் பார்த்ததே இல்லை. ஆக, ஒரே துப்பாக்கி எல்லாவற்றுக்கும் ஆகும், எல்லாத் தூரத்துக்கும் ஆகாது. பண்ணையில் மானை எத்தனை கஜத்தில் சுட வேண்டியிருக்கும் என்று முதலில் கேளுங்கள்.

ஐயாவின் துப்பாக்கியை ஆசைக்குக்கூடச் சுட்டுப் பார்த்துவிடாதீர்கள். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான். 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதற்குள் போகும், மூடவும் மூடும். சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறிவிடும்.

ஹூஸ்டன் காரைக்குடியான்:

பெரியவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். நான் அமெரிக்கக் கதையை மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்கு என்ன விசா? கிரீன் கார்டு என்றால் பிரச்சினை இல்லை. எச்-1பி போன்ற தற்காலிக வேலை விசா என்றால் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம், ஆனால் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. அதனால் லைசென்ஸ் முதலில், துப்பாக்கி அப்புறம். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சாஸில் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடிக்க வேண்டும். உங்கள் வயதுக்கு அது தப்பாது.

நான் வைத்திருப்பது மாஸ்பெர்க் 500, 12 போர், பம்ப் (முன்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது). ஒரே உடலுக்கு இரண்டு குழல் சேர்த்தே விற்கிறார்கள். பறவைக்கு 28 அங்குல வழுவழுக் குழல், மானுக்கும் பன்றிக்கும் உள்ளே மரை வெட்டிய 24 அங்குலக் குழல். ஒரு திருகைக் கழற்றி மாற்ற இரண்டு நிமிடம். உங்கள் வீட்டு ஆச்சியின் கணக்கிலும் துப்பாக்கி ஒன்றுதான்! மரைக் குழலில் சேபட் ஸ்லக் (உறைக்குள் வரும் ஒற்றைப் பெரிய குண்டு) போட்டால் 100 கஜம் வரை நம்பிச் சுடலாம். உதைதான் பலமாக இருக்கும், முதல் நாள் பயிற்சி முடிந்து மறுநாள் எனக்குச் சட்டை மாட்ட முடியவில்லை.

இடது கைக்கு இது தோதானது. பாதுகாப்புப் பொத்தான் மேல் முதுகில், கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கிறது. ரெமிங்டன் 870 இன்னும் உறுதி என்பார்கள், ஆனால் அதன் பொத்தான் விசைக்குப் பின்னால், வலது கைக்காரருக்கு வைத்தது. புறாவுக்குப் போகும்போது மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி உள்ளே கட்டை இருக்க வேண்டும். எடுத்துவிட்டுப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கல்லல் விவசாயி:

நீங்கள் அங்கே பன்றி அடியுங்கள். இங்கே என் கடலைக் கொல்லையை ராத்திரியோடு ராத்திரியாகக் கிளறிவிட்டுப் போகிறது, நான் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சுடுவதென்றால் வனத்துறைதான் சுட வேண்டும், நாம் கை வைத்தால் கம்பிதான்.

லீவில் வந்தவர்களுக்கு ஒன்று. நம் பக்கம் கௌதாரி, முயல், காட்டுக்காடை எதையும் தொடக்கூடாது. லைசென்ஸ் இருக்கிறதே என்பார்கள், அது துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான், வேட்டைக்கு இல்லை. ஓட்டலில் சாப்பிடும் காடை பண்ணைக் காடை. வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அந்த ஊர்ப் பக்கம் போய் வேட்டைக் கதை பேசிப் பாருங்கள், தெரியும்!

தேவகோட்டைத் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. எச்-1பி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, கடையில் முன்பணம் கட்ட இருந்தேன். டெக்சாஸ் திரும்பியதும் முதல் வேலை பயிற்சி வகுப்பு. பண்ணைக்காரரைக் கேட்டதில், மறைவிடத்திலிருந்து தீனி போடும் இடம் 80 கஜமாம். அப்படியானால் மாற்றுக் குழலோடு வரும் மாஸ்பெர்க்கே போதும். ஐயா துப்பாக்கி பெட்டகத்திலேயே இருக்கட்டும்.

கண்டனூர் ஐயா சொன்னபடி அப்பத்தாவையும் கேட்டேன். 92 வயது, காது மந்தம், இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது. அவர் சொன்னது: "தோட்டா எத்தனை விதம்னு எனக்கென்ன அப்பா தெரியும்? கறியில கடுகு மாதிரி பல்லுல பட்டா காடை. சுண்டக்கா மாதிரி வந்தா பன்னி."