வீட்டுக் கரண்ட் செலவைப் பரிசோதிக்க ஆள் கூப்பிடலாமா? (ஹட்டன் பக்கம்)

பனிமூட்டம்:
வணக்கம். நாங்கள் வீட்டில் நாலு பேர். மாதம் 90 யூனிட் அளவில் வந்த பில், அம்மா எங்களோடு தங்க வந்த பிறகு 280 ஆகிவிட்டது. 180 யூனிட்டைத் தாண்டினால் கட்டணத்தில் கடைசிப் படி என்பதால் காசு மூன்று மடங்குக்கும் மேலே போகிறது. குளிருக்கு அம்மாவுக்கு எந்நேரமும் சுடுதண்ணீர் வேண்டும், அதனால் 50 லீற்றர் கீசர் இரவு பகலாகப் போட்டபடியே கிடக்கிறது. ஆனால் அதற்கு இவ்வளவா?

"இலவசப் பரிசோதனை" என்று ஒருவர் வந்தார். பத்து நிமிடம் கூரையையே பார்த்துவிட்டு, சோலார் பனலுக்கு விலை எழுதித் தந்துவிட்டுப் போனார். கொழும்பிலிருந்து முறையான ஆளைக் கூப்பிட்டால் பயனுண்டா? கூரை தகரம், சீலிங் இல்லை. இதையும் பார்ப்பார்களா?

கொழுந்துக்காரன்:
வந்தவர் பரிசோதகர் இல்லை தம்பி, விற்பனைக்காரர். நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது உண்மையான வலுக் கணக்காய்வாளர் (கரண்ட் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்பவர்) ஒருவர் வந்தார். வந்ததும் 12 மாத பில்லைத்தான் கேட்டார். பிறகு கொழுந்து வாட்டும் விசிறி ஒவ்வொன்றிலும் வயரைக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீற்றர் போட்டுப் பார்த்தார். எதை மாற்றினால் எவ்வளவு செலவு, எத்தனை மாதத்தில் அந்தக் காசு திரும்பும் என்று எழுதியும் கொடுத்தார். விற்க அவரிடம் ஒரு சாமானும் இல்லை.

அங்கீகாரம் பெற்ற கணக்காய்வாளர்களின் விபரத்தை இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் கேட்கலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான சபை அது. ஆனால் தொழிற்சாலை, ஹோட்டல் பார்க்கிறவர்கள்தான் கூடுதல். ஒரு வீட்டுக்காக மலையேறி வந்தால் பயணச் செலவே உங்களைத் தின்றுவிடும். பக்கத்தில் நாலைந்து வீடு சேர்ந்தால் கேட்டுப் பாருங்கள்.

வயரிங் பாஸ்:
ஆளைக் கூப்பிடுவதற்கு முன் ஓர் இரவு வேலை இருக்கிறது. மீற்றரில் சிவப்பு விளக்கு மின்னும். பக்கத்தில் 1600 என்று எழுதியிருந்தால், 1600 தடவை மின்னினால் ஒரு யூனிட். எல்லோரும் படுத்த பிறகு பிரிட்ஜைக் கழற்றிவிட்டு, கீசரை மட்டும் விட்டு, ஒரு மணி நேரம் பாருங்கள். அப்புறம் மெயினை அணைத்துவிட்டும் பாருங்கள். அப்போதும் மின்னினால் கரண்ட் தருகிற நிறுவனத்துக்குத்தான் சொல்ல வேண்டும்.

பனிமூட்டம்:
பார்த்தேன் அண்ணே. போர்வையைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தேன், விறைத்துப்போனேன். மெயினை அணைத்தால் ஒன்றுமில்லை. போட்டால் விளக்கு சும்மா கிடக்கிறது, திடீரென்று செக்கனுக்கு ஒன்று மாதிரி மின்னுகிறது. நாலு நிமிடம்தான், பிறகு நின்றுவிடுகிறது. அரை மணிக்கு ஒரு தடவை இப்படி. யாரும் குழாயைத் திறக்கவில்லை.

வயரிங் பாஸ்:
அது கீசர்தான். ஒரு தடவைக்கு 210, 220 மின்னல் வரும். நாளைக்கு 48 தடவை என்றால் 6 யூனிட்டுக்கு மேல், மாதம் 190. தாங்கி சும்மா ஆறுவதற்கு இது அதிகம். சுடுதண்ணீர் எங்கேயோ ஓடுகிறது. அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடும் சேஃப்டி வால்விலிருந்து வரும் சின்ன பைப் எங்கே போய் விழுகிறது?

பனிமூட்டம்:
பின்பக்கக் கானுக்குள்.

சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு மாதமாக எங்கள் நாய் சாக்கை விட்டுவிட்டு அந்தக் கான் ஓரத்தில்தான் படுக்கிறது. காலையில் அங்கே ஆவி எழும்பும், பனி என்றுதான் நினைத்தோம். இப்போது ஒரு லீற்றர் போத்தலைப் பிடித்தேன், கால் மணியில் நிறைந்தது. கைவைக்க முடியாத சூடு.

வயரிங் பாஸ்:
கணக்குச் சரியாக வருகிறது. நாளைக்குக் கிட்டத்தட்ட 100 லீற்றர். 16 பாகை தண்ணீரை 56க்குக் கொண்டுவர மட்டும் நாலரை யூனிட் வேண்டும், மிச்சம் தாங்கி ஆறுவதற்கு. உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பனிமூட்டம்:
மலைக்கு மேலே பீலித் தாங்கி, ஊற்றுத் தண்ணீர். நேர் உயரம் 60 மீற்றர் இருக்கும்.

வயரிங் பாஸ்:
10 மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்றால் 6 பார். பல கீசர் வால்வுகள் அந்த அளவிலேயே திறக்கத் தொடங்கும். வால்வை மாற்றி, உள்ளே வரும் பைப்பில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றும் போடச் சொல்லுங்கள். ஒழுகுகிறதென்று அந்தப் பைப்பை மட்டும் ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள், தாங்கி வெடிக்கலாம். கீசர் மூடியைத் திறக்கும் வேலையை என்விகியூ (தேசியத் தொழிற்தகைமை) சான்றிதழ் உள்ள ஆளிடம் கொடுங்கள், கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் ட்ரிப் சுவிட்சையும் அப்படியே சோதித்துக்கொள்ளலாம்.

பனிமூட்டம் (ஐந்து வாரம் கழித்து):
இரண்டு வால்வும் போட்டாயிற்று. கீசரைக் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணிதான் போடுகிறோம், இடையில் அம்மாவுக்குப் பிளாஸ்க். பில் 118 யூனிட். நாய் கோபித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டது.

கூரை விசயம் அப்படியே நிற்கிறது. பக்கத்து மூன்று வீட்டாரும் சேர்ந்து பயணச் செலவைப் பிரிக்கச் சம்மதம்.

கொழுந்துக்காரன்:
அப்படியென்றால் கூப்பிடுங்கள். தகரத்துக்குக் கீழே என்ன போட்டால் குளிர் குறையும், ஈரம் பிடிக்காமல் காற்று எப்படிப் போகும், இந்த இரண்டையும் எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். சீலிங் விற்கிறவரையே அழைத்துவிடாதீர்கள்.