ஓபியம் ஃபார்ம்: பண்ணை அன்று, குத்தகை

அன்புள்ள குழுமத்தாருக்கு, வணக்கம்.

> சிங்கப்பூர் வரலாறு பற்றிய கட்டுரையில் ‘ஓபியம் ஃபார்ம்’ என்பதற்கு ‘அபின் பண்ணை’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

பொருந்தாது ஐயா. அதை அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடுங்கள். சிங்கப்பூரில் யாரும் அபினுக்காகக் கசகசாச் செடி பயிரிடவில்லை. அந்தச் செடி விளைந்தது பீகாரிலும் காசி, காஜிப்பூர் வட்டாரத்திலும் மாளவத்திலும். ‘பண்ணை’ என்று படிக்கிற மாணவர் தீவில் பூத்துக் கிடக்கும் வயலைத்தான் மனத்தில் வரைந்துகொள்வார். அங்கே இருந்ததோ ஏலத்தில் எடுத்த உரிமை ஒன்று. ஃபார்ம் என்ற சொல்லுக்கே பழைய பொருள் ‘முன்கூட்டிப் பேசி முடித்த தொகை’ என்பதுதான். இலத்தீன் ‘ஃபிர்மா’விலிருந்து வந்தது. உழவுப்பொருள் பின்னால் ஏறியது.

நடந்தது இப்படி. 1820இல், ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக (தீவின் நிர்வாகியாக) இருந்த ஃபார்குவார் சிங்கப்பூரில் அபின் விற்கும் உரிமையை ஏலம் விட்டார். துறைமுகத்தில் இறக்குமதி வரி கிடையாது; அதை நம்பித்தான் கப்பல்கள் வந்தன. வரி போடாமல் அரசு நடத்தப் பணம் வேண்டும் என்றபோது அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் மேல் கைவைத்தார்கள். ஏலம் எடுத்தவர் மாதாமாதம் பேசிய தொகையைக் கட்டவேண்டும். பதிலுக்கு, கல்கத்தாவிலிருந்து வரும் பச்சை அபினைக் காய்ச்சிப் புகைப்பதற்கான சண்டு ஆக்கவும், அதைச் சில்லறையாக விற்கவும் அவருக்கு மட்டுமே உரிமை. விற்பனை கூடினால் லாபம் அவருக்கு, குறைந்தால் நட்டமும் அவருக்கு. அரசுக்கு ஒரு வசூல் ஆள்கூட வைக்கவேண்டிய தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்தக் குடியேற்றத்தின் வருவாயில் ஏறத்தாழ பாதி இந்த ஒரே வழியில் வந்தது.

இதற்குத் தமிழில் புதிதாகச் சொல் செய்யவேண்டியதே இல்லை. குத்தகை. அபின் குத்தகை.

> குத்தகை என்றால் இன்று நிலம்தானே நினைவுக்கு வருகிறது? குழப்பம் வராதா?

வராது என்றே நினைக்கிறேன். எங்கள் பேரூராட்சி அலுவலகப் பலகையில் ஆண்டுதோறும் ஒட்டுகிற ஏல அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாரச்சந்தை, ஆடு அடிக்கும் தொட்டி, பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடம், சாலையோரப் புளியமர மகசூல், கண்மாய் மீன்பாசி எல்லாவற்றுக்கும் ‘குத்தகை ஏலம்’ என்றுதான் இருக்கும். சந்தைக் குத்தகை எடுத்தவர் சந்தை நிலத்தை உழப்போவதில்லை. கடைக்கு இவ்வளவு என்று வசூல் செய்துகொள்ளும் உரிமையைத்தான் எடுக்கிறார். சிங்கப்பூரில் நடந்ததும் அமைப்பில் இதேதான். கள்ளுக்கடைக் குத்தகை என்ற வழக்கும் ஊரில் வேரூன்றியது. 1879இல் கோதாவரி மலைப்பகுதியான ரம்பாவில் கிளர்ச்சி மூண்டதற்கு ஒரு முக்கியக் காரணம், மலைமக்கள் தம் வீட்டுக்கு இறக்கிய கள்ளின்மேல் சமவெளியிலிருந்து வந்த குத்தகைதாரர்கள் பணம் கேட்டதுதான். அந்த வரலாற்றை எழுதும்போது நாம் ‘கள்ளுப் பண்ணை’ என்று எழுதுவதில்லையே.

ஆகவே பொதுச்சொல்லாக, ரெவின்யூ ஃபார்ம் என்பதற்கு ‘வரிக்குத்தகை’. அதை எடுத்தவர் ‘குத்தகைதாரர்’. அவர் அரசுக்குக் கட்டுவது ‘குத்தகைப் பணம்’. இதை ‘வாடகை’ என்றோ ‘வரி’ என்றோ மாற்றவேண்டாம். வரி என்பது சண்டு வாங்கிய கூலியாளின் சட்டைப்பையிலிருந்து போனது. குத்தகைப் பணம் குத்தகைதாரரிடமிருந்து அரசுக்குப் போனது. இரண்டுக்கும் நடுவிலே இருந்த வித்தியாசத்தில்தான் பெருஞ்செல்வங்கள் திரண்டன. 1870களில் அபின் குத்தகையைக் கையில் வைத்திருந்த கூட்டணியில் ஒருவர் சியாங் ஹோங் லிம்; இன்று சிங்கப்பூரில் பேச்சாளர் மேடை இருக்கிற ஹோங் லிம் பூங்கா அவர் பெயரால் வந்தது. கம்பீர் (தோல் பதனிட உதவும் செடி), மிளகுத் தோட்டங்களில் காடு வெட்டியவர்களும், ஈயச் சுரங்கத்தில் இடுப்பளவு நீரில் நின்றவர்களும், ரிக்‌ஷா இழுத்தவர்களும் உடல்வலி மறக்கப் புகைத்த சண்டுதான் அந்தப் பணம். எல்லாவற்றையும் ‘அபின் வரி’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், யார் கொடுத்தார், யார் எடுத்தார் என்பது மறைந்துபோகும். இந்த மடலை இவ்வளவு நீட்டி எழுதுவதே அதற்காகத்தான்.

> ‘அபின் சுங்கம்’ என்று வைத்தால் எளிமையாக இருக்குமே?

எளிமைதான், ஆனால் உண்மைக்கு நேர் எதிர். சிங்கப்பூர் சுங்கமில்லாத் துறைமுகம். கல்கத்தாவிலிருந்து வந்து சீனக் கடற்கரைக்கு மறுஏற்றுமதியான பெட்டிகள்மேல் அங்கே காசு விழவில்லை. பெரிய வணிகர்கள் தப்பித்தார்கள்; உள்ளூரில் புகைத்தவர்மேல்தான் சுமை. ‘சுங்கம்’ என்று எழுதினால் இந்த அநீதி தலைகீழாகப் பதிவாகிவிடும்.

அடுத்து, பீகார், காஜிப்பூர் வட்டாரங்களில் விளைந்த ‘வங்காள அபின்’. இங்கே குத்தகை என்ற சொல்லைக் கொண்டுபோகக் கூடாது. 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கென்று அபினை எடுத்துக்கொண்டபோது முதலில் ஒப்பந்தக்காரர்களிடம்தான் விட்டார். நூற்றாண்டு முடிவதற்குள் அந்த முறை போய், அரசு ஏஜென்சிகளே நேரடியாக இறங்கின. பாட்னாவில் ஒன்று, காஜிப்பூரில் ஒன்று. 1857ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் பெற்றவர் மட்டுமே பயிரிடலாம். முன்பணம் வாங்கிய குடியானவர், கசகசாக் காயிலிருந்து வடித்த பால் முழுவதையும் அரசு வைத்த விலைக்கு அரசுக்கே அளக்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த விலை சேருக்கு (சேர் என்பது பழைய எடை அளவு) 5 ரூபாய் அளவில் நெடுங்காலம் நின்றது. அதே அபின் கல்கத்தா ஏலத்தில் பெட்டி ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போனது. ஒரு பெட்டியில் 40 உருண்டை. ஒவ்வொரு உருண்டையையும் கசகசாப் பூவின் இதழ்களைத் தட்டையாக ஒட்டிச் செய்த தகடுகளால் சுற்றினார்கள். ‘ரொட்டி’ என்று அழைக்கப்பட்ட அந்த இதழ்த் தகடுகளையும் குடியானவர் வீட்டுப் பெண்களே தட்டிக் கொடுத்தார்கள்.

இது வரியும் இல்லை, குத்தகையும் இல்லை. விளைவிப்பவருக்கு வாங்குபவர் ஒருவரே. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மொனாப்பலிக்கு ‘முற்றுரிமை’ இருக்கிறது. இலங்கையில் ‘தனியுரிமை’ என்பார்கள். எதை எடுத்தாலும் சரி, முன்னால் ‘கொள்முதல்’ சேரவேண்டும். ‘அபின் கொள்முதல் முற்றுரிமை’ என்பது என் பரிந்துரை. நெல் கொள்முதல் நிலையம் தெரிந்த வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது.

மாளவம் மூன்றாவது வகை. அந்த அபின் சுதேச சமஸ்தானங்களில் விளைந்தது. அங்கே கம்பெனியின் உரிமம் செல்லாது. பம்பாய் வழியாகக் கப்பலேறும் பெட்டிக்குப் பணம் வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்தார்கள். 1830களின் தொடக்கத்தில் பெட்டிக்கு 175 ரூபாய். கூட்டினால் வணிகர்கள் கராச்சி வழியாகப் போய்விடுவார்கள் என்ற அச்சம் இருந்தவரை தொகை அடங்கியிருந்தது. 1843இல் கராச்சி இருந்த சிந்துவை ஆங்கிலேயர் பிடித்ததும் அந்த வழி அடைபட்டது. பிறகு படிப்படியாக ஏற்றி 600 ரூபாய்க்கும் மேலே கொண்டுபோனார்கள்.

> பாஸ் ட்யூட்டி = கடவுச்சீட்டு வரி?

கடவுச்சீட்டு என்றதும் வெளிநாட்டுப் பயணந்தான் நினைவுக்கு வரும். மணல், கருங்கல் லாரிகள் வைத்திருக்கவேண்டிய தாளை நம் அலுவலகங்களில் ‘நடைச்சீட்டு’ என்கிறார்கள். சரக்கு ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக அனுமதிக்கும் சீட்டு. அச்சொட்டான சொல். ‘நடைச்சீட்டுத் தீர்வை’ என்று எழுதுவோம்.

உள்நாட்டு விற்பனைக்கு 1878ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. வைத்திருக்க, எடுத்துச்செல்ல, விற்க எல்லாவற்றுக்கும் உரிமம். சீனத்துக்குப் போனது உருண்டை. உள்ளூர் உரிமக் கடைக்குப் போனது இன்னும் கெட்டியாகக் காயவைத்த சதுரக் கட்டி. ஆவணங்களில் முதலாவது ‘ப்ரொவிஷன் ஓபியம்’, இரண்டாவது ‘எக்ஸைஸ் ஓபியம்’. முன்னதை ‘ஏற்றுமதி அபின்’ என்று பொருள்நோக்கிச் சொல்லிவிடலாம். உணவுப்பண்டம் என்ற பொருள் அதற்குக் கிடையாது. பின்னதற்கு ‘ஆயத்தீர்வை அபின்’. ‘கலால்’ பழகிய சொல்தான், இருந்தாலும் அது சாராயம் காய்ச்சும் சாதியின் பெயரிலிருந்து வந்தது. ஆயத்தீர்வை நம் அரசுத் துறையின் பெயரிலேயே இருக்கும்போது அதையே கொள்ளலாம்.

‘சண்டு’ பற்றி ஒரு வார்த்தை. இதை ‘பதப்படுத்திய அபின்’ என்று பெயர்க்கவேண்டாம். மலாய் வழியாக வந்த பெயர், தீவின் வரைபடத்திலேயே நிற்கிறது. 1910 தொடக்கத்தில் குத்தகையை ஒழித்துவிட்டு நீரிணைக் குடியேற்ற அரசு (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவை ஆண்ட ஆங்கில அரசு) தானே சண்டு காய்ச்ச ஆரம்பித்தது. ஆலை பாசிர் பாஞ்சாங்கில். அருகிலுள்ள குன்றுக்குப் ‘புக்கிட் சண்டு’ என்று பெயர். 1942 பிப்ரவரியில் மலாய்ப் படைப்பிரிவு ஜப்பானியரை எதிர்த்துக் கடைசிவரை நின்ற குன்றும் அதுதான். 1910க்குப் பிந்தைய முறையைக் குத்தகை என்று எழுதுவது பிழை. ‘அரசுச் சண்டு முற்றுரிமை’ என்று பிரித்துக் காட்டுங்கள். குத்தகை ஒழிந்தது என்பதால் அபின் ஒழிந்ததாகாது. இடைத்தரகர் மட்டும் போனார், வருமானம் அரசுக்கு நேராக வந்தது. இந்தியா சீனத்துக்கு அனுப்புவதை ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு குறைக்க 1907இல் ஒப்புக்கொண்டு, 1913இல் நிறுத்தியது. அதன் பிறகும் சிங்கப்பூரில் அரசுக் கடைகளில் சண்டு விற்றார்கள்.

முடிக்காத சொல் ஒன்று மிச்சம். குத்தகைதாரர்கள் தமக்கென்று தனிக்காவல் வைத்திருந்தார்கள். ஜொகூரிலிருந்தும் ரியாவ் தீவுகளிலிருந்தும் படகில் வரும் திருட்டுச் சண்டுவைப் பிடிப்பது இவர்கள் வேலை. ஏலத்தில் தோற்றவர்களே கடத்தலுக்குப் பின்னால் நின்று, வென்றவரை நொடிக்கச் செய்ததும் உண்டு. பிறகு சிங்கப்பூர், ஜொகூர்க் குத்தகைகளை ஒரே கூட்டணி எடுத்ததற்கு அதுவே காரணம். இந்தக் காவலாட்களைச் ‘சிந்தெங்’ என்று ஆங்கில ஆவணங்கள் குறிக்கின்றன. ‘குத்தகைக் காவலர்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். காவலர் என்றால் அரசுப் போலீஸ் என்று கொள்வார்களோ என்ற தயக்கம் இருக்கிறது. ‘குத்தகை ஆட்கள்’ போதுமா? பினாங்கிலிருந்து எழுதும் அம்மா, உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இவர்களைத் தமிழில் எப்படிச் சொன்னார்கள் என்று விசாரித்து எழுத முடியுமா? வழக்கில் ஒரு சொல் இருந்திருந்தால் நான் வைத்ததை எடுத்துவிட்டு அதையே நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம்.

அன்புடன்